பெயின்ட் அடித்த சுவரில் மறுபடியும் உப்பு பூக்கிறது, என்ன செய்யலாம்?

தங்கச்சிமடத்துக்காரி:
2024 நவம்பர் 20 அன்று கொட்டிய மழையை இந்தத் தீவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராமேஸ்வரத்தில் மட்டும் 40 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். வடிய மூன்று நாள் ஆயிற்று. பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டதால், ஜனவரியிலேயே உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி, தண்ணீர் புகாது என்று கடைக்காரர் சொன்ன பெயின்டையும் அடித்தோம். அடுத்த வாடைக்காற்றுக்கே அது அப்பளம்போல் உப்பிவிட்டது. கிள்ளி எடுத்தால் உள்ளே பஞ்சுபோல் வெள்ளைப் பூ. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. சுவரை ஒட்டி நிற்கும் மர பீரோவின் முதுகெல்லாம் பூசணம். அம்மாவுக்கு இளைப்பு உண்டு. அந்த அறையில் படுத்தால் இரவெல்லாம் இருமுகிறார்.

மண்டபம் கொத்தனார்:
தங்கச்சி, முதலில் மெயினை அணைத்துவிட்டு, தண்ணீர் ஏறிய பிளக் பாயின்டுகளை எலக்ட்ரீஷியனை விட்டுக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புநீர் அரித்த கம்பி சூடேறித் தீப்பிடித்த வீட்டை உச்சிப்புளியில் என் கண்ணால் பார்த்தேன்.

சுவருக்கு வருகிறேன். ஈரம் காயுமுன் பெயின்டால் மூடிவிட்டீர்கள். உள்ளே உப்பு இருக்கும்வரை அது காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். மழைநாளில் சாடியில் கல்லுப்பு நசநசக்கிறதல்லவா, அதேதான். ஈரக்கோட்டுக்கு மேலும் ஒன்றரை அடி வரை பூச்சைக் கொத்தி எடுங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து செங்கல்லுக்குள்ளேயே திரும்பிவிடும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் சுவர் வெறுமனே நிற்கட்டும்; பூக்கப் பூக்கத் தட்டுங்கள். உப்பு பூப்பது நின்ற பிறகு சுண்ணாம்புக் காரை, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. அதன் வழியே ஈரம் வெளியேறும். காரைக்கு வந்த மணலில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். கரித்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள், முகதாட்சணியம் பார்க்காதீர்கள்.

கீழக்கரை அக்கா:
இன்றைக்கே அம்மாவை வேறு அறைக்கு மாற்றுங்கள். பூசணத்தை உலர்ந்த துணியால் தட்டினால் தூள் வீடெல்லாம் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்துவிடவே கூடாது, விஷவாயு கிளம்பும். பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளியே நிற்கட்டும்.

அடுத்த மழைக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் வெள்ளம் வந்தபோது வாப்பாவின் வீட்டுப் பத்திரம் நனைந்து அடைபோல் ஒட்டிக்கொண்டது. பிரிக்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். குளிரில் பூசணம் வளராது, நமக்கும் நிதானம் கிடைக்கும். ஒரு வாரம் கழித்து எடுத்து, பனி இளகியதும் தாள் தாளாகப் பிரித்து நிழலில் காயவைத்தேன். ஓரத்தில் கறை படிந்தது. எழுத்து ஒன்றும் போகவில்லை.

தங்கச்சிமடத்துக்காரி:
அம்மா இப்போது முன்னறையில் படுக்கிறார். பிளக்கைக் கழற்றினால் திருகெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது, மாற்றச் சொல்லிவிட்டோம். அண்ணா, தண்ணீர் ஏறாத மாடிச் சுவரும் சில்லென்று இருக்கிறதே, அதையும் கொத்தவேண்டுமா?

மண்டபம் கொத்தனார்:
அவசரப்படாதீர்கள். ஓரடிச் சதுரத்துக்கு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றின் ஈரம். வெயில் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.