உருளைச் சிப்ஸ் சிவந்து போகுது: எண்ணெயை மாத்தினா அக்ரிலமைடு குறையுமா?

அம்மாபேட்டை அடுப்பு கேட்டது:

சேலத்துல சின்ன அளவுல உருளைச் சிப்ஸ், மரவள்ளிச் சிப்ஸ், தட்டுவடை போட்டுக் கடைகளுக்குக் குடுக்கறோங்க. உருளை மட்டும் தினம் 20 கிலோ. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துல சீவி, ஒரு அலசு அலசி நேரா வாணலிக்குப் போகுது. புதுக் கிழங்கு வர்ற மாசங்கள்ல பொன்னிறமா வருது. மே மாசத்துக்கு மேல வர்ற வடக்கத்திக் கிழங்குல அதே எண்ணெய், அதே தீ, ஆனா ஓரமெல்லாம் செவந்து நடுவுல பழுப்புத் திட்டு விழுது. ஏற்காட்டுக்குச் சரக்கு எடுக்கறவங்க அக்ரிலமைடு (பொரிக்கறப்ப உண்டாகற, புற்றுநோய் தருமோன்னு சந்தேகப்படற பொருள்) பத்திக் கேக்கறாங்க. தினம் எண்ணெயை மாத்தினாப் போதுமா? ஏர் ஃப்ரையர்ல போட்டா வராதா? காபியிலயும் இருக்குதாமே, எவ்வளவு பயப்படணும்?

மாவுச்சத்து பதில்:

முதல்ல எண்ணெயை விட்டுடுங்க. அக்ரிலமைடு எண்ணெயில உண்டாகறது இல்லை, கிழங்குக்குள்ளேயே உண்டாகுது. அஸ்பராஜின்ங்கற அமினோ அமிலம் உருளைக்கிழங்குல இயல்பாவே நிறைய உண்டு. அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மாதிரி சர்க்கரையோட சுமார் 120 டிகிரிக்கு மேல, ஈரம் வத்தின நிலையில சேர்ந்தா இது பிறக்குது. பொன்னிறம், மணம், மொறுமொறுப்பு எல்லாம் குடுக்கற அதே மெயிலார்ட் வினைதான். 2002 ஏப்ரல்ல ஸ்வீடன்காரங்க அறிவிக்கற வரைக்கும் சாப்பாட்டுல இது இருக்குன்னு யாரும் நினைக்கலை. பழைய எண்ணெய் வேற பிரச்சினை. அதுக்குத்தான் மொத்தத் துருவச் சேர்மம் (எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டற அளவு) 25 சதவீதம் தாண்டக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வரம்பு வெச்சிருக்கு. தினம் புது எண்ணெய் ஊத்தினாலும் சர்க்கரை ஏறின கிழங்கு செவக்கத்தான் செய்யும்.

உங்க சிக்கல் கிழங்குல இருக்கு. வடக்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் தோண்டறதைக் குளிர்கிடங்குல 2 முதல் 4 டிகிரியில அடைச்சு, மாசக்கணக்குல வெளிய விடறாங்க. அந்தக் குளிர்ல மாவுச்சத்து சர்க்கரையா உடையும். சமைச்சுப் பாத்தா லேசா இனிக்கும் பாருங்க, அதுதான். சிப்ஸுக்கு 100 கிராம் கிழங்குல இந்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கணும். சிம்லா உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தோட குஃப்ரி சிப்சோனா ரகங்கள் இதுக்காகவே வந்தவை. மண்டியில அந்த ரகம், 10 – 12 டிகிரியில வெச்ச சரக்குன்னு கேட்டு வாங்குங்க, விலை கூட இருந்தாலும் கழிவுல மிச்சமாகும்.

மூட்டையை இறக்கறதுக்கு முன்னாடி நாலஞ்சு கிழங்கை வெட்டி, சிறுநீர்ச் சர்க்கரை பாக்கற பட்டையை (மருந்துக்கடையில கிடைக்கும்) வெட்டுவாய்ல அழுத்துங்க. நிறம் கரும்பச்சைக்கோ பழுப்புக்கோ தாவினா அந்த மூட்டை குழம்புக்கு. பட்டை இல்லைன்னா அஞ்சு துண்டு பொரிச்சுப் பாருங்க, அதுவே சாட்சி. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா 15 – 20 டிகிரியில ரெண்டு மூணு வாரம் காத்தாட வெச்சா சர்க்கரை ஓரளவு இறங்கும், முழுசா இறங்காது. சேலம் வெயில்ல அதுக்குள்ள முளை விட்டுடும். பச்சை பிடிச்சதையும் முளை விட்டதையும் பொரிக்காதீங்க, அது சோலனைன்ங்கற நஞ்சு விவகாரம்.

வாணலிக் கணக்கு பதில்:

மேல சொன்னது சரிதான். கிழங்கு கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது இதுங்க.

ஒரு அலசு அலசினா மேல ஒட்டின மாவுதான் போகும், உள்ள இருக்கற சர்க்கரை போகாது. சீவின உடனே பச்சைத் தண்ணியில அரை மணி நேரம் ஊறட்டும், நடுவுல ஒரு தடவை தண்ணியை மாத்துங்க. கிழங்கு ரொம்ப இனிப்புன்னா அடுத்து 75 டிகிரி வெந்நீர்ல 3 நிமிஷம். கொதிக்கற தண்ணி வேண்டாம், ஓரம் வெந்து துண்டு பிஞ்சு போகும். அதே வெந்நீர்ல பத்து ஈடு போடறதுதான் வழக்கமான தப்பு. தண்ணியிலயே சர்க்கரை சேர்ந்துட்டா அடுத்த ஈட்டிலிருந்து சரியா இறங்காது. மூணு ஈட்டுக்கு ஒரு தடவை மாத்துங்க. அப்புறம் துணியில பரப்பி ஈரத்தை ஒத்தி எடுங்க.

பொரிக்கறப்ப தெர்மாமீட்டர் கட்டாயம். 5 லிட்டர் எண்ணெய்க்கு 400 கிராம் துண்டு, 170 டிகிரியில போடணும். அவசரத்துல ஒரு கிலோவைக் கொட்டினா சூடு 140க்கு விழும், உடனே கேஸைத் திறந்து விடுவோம். தப்பு நடக்கறது அங்கேதான். துண்டுல ஈரம் இருக்கற வரைக்கும் அதோட சூடு நூறை ஒட்டியே நிக்கும். ஈரம் வத்தினதும் எண்ணெய்ச் சூட்டை எட்டிப் பிடிக்கும், அக்ரிலமைடுல பெரும்பங்கு அந்தக் கடைசி நிமிஷத்துலதான் உண்டாகுது. அதனால சலசலப்பு அடங்க ஆரம்பிச்சதும் தீயைக் குறைச்சு, வெளிர் பொன்னிறத்துலயே அள்ளிடுங்க. அள்ளின பிறகும் சூடு கொஞ்ச நேரம் நிறத்தை ஏத்தும். செவந்த துண்டைப் பொறுக்கி எறியறது சின்ன வேலையாத் தெரியும், ஆனா பாக்கெட்டுல இருக்கற அக்ரிலமைடுல பெரிய பங்கு அதுலதான்.

மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் நிறத்தை மறைச்சிடும், பதம் பாத்த பிறகு தூவுங்க. தட்டுவடைக்கு மிளகாய் மாவுலயே போறதால ஈட்டுக்கு ஒண்ணு மிளகாய் இல்லாம தட்டிப் போட்டுப் பதம் பாருங்க. நிறம் வரட்டும்னு மாவுல சர்க்கரையோ பாலோ சேர்க்கறவங்க இருக்காங்க, வேண்டாம்.

மரவள்ளிக்கும் ஊற வைக்கறது நல்லது, ஆனா காரணம் சயனைடு. சேகோ மில்லுக்குப் போற கசப்புக் கிழங்கைச் சிப்ஸுக்கு எடுக்கவே கூடாது. ஏர் ஃப்ரையர் எண்ணெயைத்தான் குறைக்கும். 200 டிகிரி காத்துல செவக்க விட்டா அதுலயும் இது வரும்.

அம்மாபேட்டை அடுப்பு:

ரொம்ப நன்றிங்க. ஏற்காட்டுல எங்க உறவுக்காரங்களும் போடறாங்க. அங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும், வெந்நீர் கணக்கு மாறுமா? பயத்தைப் பத்தியும் யாராச்சும் சொல்லுங்க.

மாவுச்சத்து:

1,500 மீட்டர்ல தண்ணி 95 டிகிரி வாக்குல கொதிக்கும். நமக்கு வேண்டியது 75தான், கணக்கு மாறாது. எண்ணெயோட சூட்டை உயரம் மாத்தாது, ஆனா துண்டுல இருக்கற ஈரம் அங்க 95 வாக்குலேயே ஆவியாகும்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கான பன்னாட்டு முகமை 1994லயே இதை 2ஏ பிரிவுல, அதாவது மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியதுன்னு வெச்சிருச்சு. ஆதாரம் எலியிலிருந்து வந்தது. சாப்பாடு வழியா மனிதருக்கு எவ்வளவுன்னு பாத்த ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலை. உடம்புல இது கிளைசிடமைடா மாறி மரபணுவைத் தொடுதுங்கறதுதான் கவலை. எலிகள்ல கட்டி கூடற அளவா ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல எடுத்துக்கிட்டது தினம் ஒரு கிலோ உடல் எடைக்கு 170 மைக்ரோகிராம். நாம சாப்பிடறது அதுக்கு 10,000 மடங்கு கீழ இருந்தா நிம்மதின்னு வெச்சிருக்காங்க. ஐரோப்பாவுல சிப்ஸுக்கு அடையாள அளவு (தயாரிக்கறவங்க இதுக்குக் கீழ வெச்சுக்கணும்னு குறிச்ச அளவு) கிலோவுக்கு 750 மைக்ரோகிராம். அந்த அளவுல இருக்கற 25 கிராம் பாக்கெட்டை 20 கிலோ குழந்தை தின்னா கிலோ உடல் எடைக்குச் சுமார் 0.9 மைக்ரோகிராம், இடைவெளி வெறும் 180 மடங்கு. 60 கிலோ பெரியவருக்கு 540. அதனால ஒரு பாக்கெட்டுக்கு அலற வேண்டாம், தினம் பள்ளிக்கூடப் பைக்குள்ள போடவும் வேண்டாம். இட்லி, இடியாப்பம், வேகவெச்ச கிழங்குல இந்தப் பேச்சுக்கே இடமில்லை. புகை பிடிக்கறவங்களுக்குச் சிகரெட்டுலயே சிப்ஸை விடக் கூடுதலாப் போகுது.

ஷெவராய் வறுவல் பதில்:

காபியில கதை தலைகீழ். பச்சைக் கொட்டையில அக்ரிலமைடு இல்லை, வறுவலோட முற்பாதியில உச்சத்துக்குப் போய், மேல வறுக்க வறுக்க அதுவே சிதையும். அதனால கருக்க வறுத்ததுல குறைவு, இளவறுவல்ல கூடுதல். சிப்ஸ் நிறத்தை வெச்சு காபியை எடை போடாதீங்க. அராபிகாவை விட ரோபஸ்டாவுல அஸ்பராஜின் கூட.

நம்ம ஊர் ஃபில்டர் காபியில கவனிக்க வேண்டியது சிக்கரி. ஐரோப்பிய அடையாள அளவு வறுத்த காபிக்கு கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், வெறும் சிக்கரிக்கு 4,000. அதை வெச்சு 70க்கு 30 கலவையைக் கணக்குப் போட்டா 1,480 வருது. ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள்னா சுமார் 15 மைக்ரோகிராம், சிக்கரி இல்லாட்டி 4. தண்ணியில கரையற பொருள்ங்கறதால டிகாக்‌ஷன்ல பெரும்பாலும் இறங்கிடும், ஃபில்டர் தடுக்காது. சிக்கரியைப் 10 சதவீதமாக் குறைச்சா 760க்கு வந்துடும். டிகாக்‌ஷன் நீர்த்துத் தெரிஞ்சா தூளை இன்னும் கொஞ்சம் நைசா அரைச்சு, ஃபில்டர்ல அழுத்திப் போடுங்க.