எங்கப்பா குடிச்ச பீடி

நெல்லைக்காரன்:
கல்யாணமாகி 3 வருஷம். புள்ள இல்லன்னதும் ஊரே என் வீட்டுக்காரியத்தான் பார்த்துச்சு. டெஸ்ட் எடுத்தா அவளுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் விந்துல ஒரு மில்லிக்கு 90 லட்சம் விந்தணுதான். உலக சுகாதார நிறுவனத்தோட கீழ் எல்லை 1.6 கோடி. நான் புகையத் தொட்டதே கிடையாது.

"நீங்க உண்டான சமயத்துல உங்கப்பா புகைப்பாங்களா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. எங்கம்மா சொளகு வச்சு பீடி சுத்துவாங்க, அப்பா தினம் ரெண்டு கட்டு குடிப்பாங்க. ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்துல 104 பையன்களைச் சோதிச்சு 2018-ல ஆய்வு வெளியிட்டிருக்காங்களாம். அம்மா கர்ப்பமா இருந்தப்ப அப்பா புகைச்சிருந்தா மகனுக்கு விந்தணு அடர்த்தி 41 சதவீதம் குறைவு. அம்மா உடம்புல இருந்த நிகோட்டினக் கணக்குல எடுத்தும் அதே முடிவுதான். "ஆனா உங்களுக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது தம்பி. வெரிக்கோசீல், அதாவது விதைப்பையில ரத்தக்குழாய் வீக்கம், இருக்கான்னு ஸ்கேன் பண்ணணும்"னாங்க.

இத வீட்ல சொல்லியிருக்கக் கூடாது. அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிடல. "ஏல, எம் பீடியாலயா இப்படி ஆச்சு?"ன்னாங்க. எனக்குப் பதிலே வரல. அந்தக் காலத்துல அவங்களுக்கு யாரு சொன்னா?

ஈரோட்டுப் பொண்ணு:
அப்பாவை நோகடிச்சுடாதீங்கண்ணா. என்ற வீட்டுக்காரர் லாரி ஓட்டறவருங்க, சிகரெட்டு விடவே மாட்டாரு. விந்தணு உருவாகவே 74 நாள் பக்கம் ஆகும், அதனால குழந்தைக்கு முயற்சி பண்றதுக்கு 3 மாசம் முந்தியே நிறுத்தோணும்னு டாக்டர் சொன்னாருங்க. காலண்டர்ல வட்டம் போட்டு நிறுத்தினாரு. இப்ப எனக்கு அஞ்சாம் மாசமுங்க.

கிராம நர்ஸ்:
பொம்பளைப் பிள்ளைக்கு அம்மா வயித்துலயே கருமுட்டை உருவாகிடுது. 20 வாரத்துல 60, 70 லட்சம் இருக்கும், பிறக்கிறப்போ 10, 20 லட்சம்தான். நீங்க உண்டான கருமுட்டை, உங்கம்மா உங்க பாட்டி வயித்துல இருந்தப்பவே உருவானது. அதனாலதான் கர்ப்பிணி இருக்கிற வீட்டுத் திண்ணையில யாரையும் பீடி பத்தவைக்க விடமாட்டேன். மாமனார்களுக்கு என்மேல கோவம்தான், பரவால்ல. தம்பி, ஸ்கேன் எடுத்தாச்சா?

நெல்லைக்காரன்:
செவ்வாக்கிழமைக்கா. அப்பாவும் கூட வாரேன்னு நிக்காங்க.