கூடு பாக்கப் போறதே கூட்டுக்கு ஆபத்தா? கடல்பறவை ஆராய்ச்சி தெரிஞ்சவங்க சொல்லுங்க

சோலைநடை, கோத்தகிரி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க நாங்க ஒரு சின்ன குழுவா பறவை பாக்கறோம், பெரும்பாலும் காலேஜ் பசங்க, கூட ரெண்டு மூணு டீச்சர்ஸ். அடுத்த சீசன்ல கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் நீலகிரி சோலைக்கிளியும் (பேர்தான் கிளி, நெஜத்துல ஒரு சின்ன குருவி வகை) கூடு கட்டறத முறையா பதிவு பண்ணலாம்னு பேச்சு ஓடுது. எத்தன முட்டை, எத்தன பொரிஞ்சுது, எத்தன குஞ்சு பறந்துதுன்னு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய் பாக்கறதுதான் யோசனை. வனத்துறைக்கு லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி திட்டத்த சரியா போடணும்.

ஆனா குழுவுல இருக்கற ஒரு அக்கா இதுக்கு ஒத்துக்கவே மாட்டேங்கறாங்க. கடல்பறவைங்க கிட்ட ஆராய்ச்சிக்காரங்க போனதாலேயே முட்டைய விட்டுட்டு ஓடியிருக்கு, அவ்வளவு படிச்சவங்க போயே அப்படின்னா நாம போனா என்ன ஆகும்ங்கறாங்க. இன்னொரு சார், அதெல்லாம் தீவுல தரையில கூட்டமா முட்டை போடற பறவை, சோலைக்குள்ள தனியா கூடு வைக்கற குருவிக்கு அத பொருத்தக்கூடாதுங்கறார். கடல்பறவையில நெஜமா என்னதான் கண்டுபிடிச்சிருக்காங்க, அதுல எது நம்ம மலைக்கு ஒத்துவரும், தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

ஆலாக்கரை:

சொந்த ஊர் குன்னூர், இப்ப வேலை ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில. உங்க அக்கா சொல்றதுல நெறைய உண்மை இருக்குங்க. ஆலாங்கற கடல்பறவை வெறும் மணல்ல முட்டை போடும், மத்தியான வெயில்ல தாய்ப்பறவை மேல உக்காந்திருக்கறது சூடு குடுக்கறதுக்கு இல்ல, நெழல் குடுக்கறதுக்கு, அந்த நேரம் ஆள் உள்ள போயி கூட்டம் மொத்தமா மேல கெளம்பிடுச்சுன்னா சில நிமிஷத்துலயே முட்டைக்குள்ள இருக்கற கரு வெந்துடும். அதோட கடல்காகமும் காக்காவும் இதுக்காகவே காத்துட்டு இருக்கும், மனுஷன் போனா பறவை எந்திரிக்கும், எந்திரிச்சா முட்டை கெடைக்கும்னு அதுங்க கத்துக்குது. கடல்காகம் கூட்டத்துக்குள்ளயே இன்னொரு கொடுமை நடக்கும், ஆளப் பாத்து பயந்து ஓடற குஞ்சு பக்கத்து வீட்டு எல்லைக்குள்ள போயிட்டா அங்க இருக்கற பெரிய பறவையே கொத்திக் கொன்னுடும்.

பொந்துல முட்டை போடறதுங்க நெலம இன்னும் மோசம். கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து பக்கம் பஃபின்ங்கற கடல்பறவையோட பொந்துக்குள்ள கைய விட்டு முட்டை இருக்கான்னு தடவிப் பாத்த இடங்கள்ல, தொடாத இடங்கள விட குஞ்சு கம்மியாதான் தேறிச்சு. லீச் புயல் பெட்ரல்னு இன்னொரு பொந்துப் பறவை, அத அடைகாக்கற நேரத்துல அடிக்கடி எடுத்துப் பாத்ததுல பொரிக்கறது பாதிக்குப் பக்கமா கொறஞ்சு போச்சு. அதனாலதான் இப்ப பொந்துக்குள்ள ஒயர் கேமரா விட்டுப் பாக்கறாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, உங்க சோலைக்கிளியும் ரோட்டோர மண் திட்டுப் பொந்துலதான் கூடு வைக்குது.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். பறவை பறக்கல, அதனால பயப்படலன்னு நெனைக்காதீங்க. அடைகாக்கற ஆல்பட்ராஸ்ங்கற பெரிய கடல்பறவை ஆள் வந்தாலும் அசையாம உக்காந்திருக்கும், ஆனா அதோட இதயத் துடிப்ப அளந்து பாத்தா ஆள் கிட்ட வரும்போதே ஏறுது, கையில புடிச்சு விட்டா பழைய நெலைக்கு வர மணிக்கணக்குல ஆகுது.

மேகமூட்டம்:

ஆலாக்கரை சொன்னதோட நான் சேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பாதிப்பு பறவைக்கு மட்டும் இல்ல, நம்ம எடுக்கற கணக்குக்கும்தான். பெங்குவினுக்கு காலுக்குப் பதிலா இறக்கையில உலோகப் பட்டை மாட்டறது ரொம்ப காலமா இருந்த வழக்கம், தூரத்துல இருந்தே நம்பர் படிக்கலாம்னு. இந்தியப் பெருங்கடலோட தெக்கால இருக்கற க்ரோஸே தீவுகள்ல ராஜ பெங்குவின் நூறுக்கு தோலுக்கு அடியில சிப் வச்சு, அதுல பாதிக்கு மட்டும் பட்டையும் மாட்டி 10 வருஷம் பாத்தாங்க. 2011ல முடிவு வெளியாச்சு, பட்டை போட்டதுங்க 39 சதவீதம் கம்மியா குஞ்சு வளத்துருக்கு, உயிரோட மிஞ்சினதும் 16 சதவீதம் கம்மி. பட்டையால நீந்தறது கஷ்டமாகி, எர தேடப் போனா திரும்பி வர லேட் ஆகுது. இப்ப என்ன பிரச்சனைன்னா, கடல் சூடாகறதால பெங்குவின் எப்படி பாதிக்கப்படுதுன்னு அதுவரைக்கும் பட்டை போட்ட பறவைய வச்சு எழுதின முடிவுகள் எல்லாமே சந்தேகத்துக்கு வந்துடுச்சு. எது கடலால, எது பட்டையாலன்னு பிரிக்க முடியல. அந்தக் குழுவே அப்புறம் ஆள் போகாம சிப் படிக்கறதுக்கு சக்கர வண்டி மாதிரி சின்ன ரோபோ அனுப்பினாங்க, எம்பரர் பெங்குவின் கிட்ட போறதுக்கு அதுக்கு குஞ்சு வேஷம் போட்டே அனுப்பினாங்க.

அதனால "எத்தன குஞ்சு தேறிச்சு"ன்னு நீங்க எழுதற நம்பர்ல உங்க காலடியும் சேர்ந்திருக்கும். அத தனியா எடுத்துக் காட்ட முடியலன்னா அந்த நம்பர வச்சு சோலைக்கிளி நல்லா இருக்கு, இல்லன்னு யாரும் பேச முடியாது.

குறிஞ்சித்தடம்:

நான் கொஞ்சம் மாறுபடறேன். மனுஷன் போனாலே அழிவுன்னு எழுதறதும் சரியில்ல. அண்டார்டிக்காவுல டோர்கர்சன் தீவுல ஒரு பகுதிக்கு டூரிஸ்ட் வரலாம், இன்னொரு பகுதிக்கு வரக்கூடாது, ஆனா ரெண்டு பக்கமுமே அடேலி பெங்குவின் கொறஞ்சுகிட்டேதான் போச்சு. கடல் ஐஸும் பனிப்பொழிவும் மாறினதோட ஒப்பிட்டா ஆள் நடமாட்டம் சின்ன விஷயம். அத சொல்ல முடிஞ்சதே யாரோ வருஷா வருஷம் போய் எண்ணினதாலதான?

இனத்துக்கு இனம் எவ்வளவு மாறுதுன்னும் பாருங்க. அர்ஜென்டினாவுல புண்டா டோம்போவுல மகெல்லானிக் பெங்குவின், டூரிஸ்ட் தினமும் வர்ற எடத்துல பெரிய பறவைங்க பழகிடுச்சு, ஆள் வந்தா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பெருசா ஏறல. ஆனா அதே எடத்துல புதுசா பொரிஞ்ச குஞ்சுக்கு, ஆள் வராத எடத்துக் குஞ்ச விட அதிகமா ஏறுச்சு. அதோட நெருங்கின சொந்தம் ஹம்போல்ட் பெங்குவின், அதுக்கு 150 மீட்டர் தள்ளி ஒரு ஆள் நடந்து போனாலே துடிப்பு ஏறுது. சொந்தக்காரப் பறவைக்குள்ளயே இப்படின்னா தீவுல இருந்து சோலைக்கு நேரா தூக்கிட்டு வர முடியாது. குருவி வகைகள்ல பல ஆராய்ச்சிகள சேர்த்துப் பாத்தப்ப ஆராய்ச்சியாளர் போன கூட்ட வேட்டை மிருகம் எடுக்கறது கூடல, கொஞ்சம் கொறஞ்சே இருந்துது, மனுஷ வாசன இருந்தா சில பாலூட்டிங்க ஒதுங்கறது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா இத வச்சு கவலையில்லாம போகலாம்னு நான் சொல்லல, நீலகிரியில கூட்ட எடுக்கறது யாருங்கறதுதான் கேள்வி.

குந்தா_வாட்ச்சர்:

தம்பி, அந்தக் கேள்விக்கு நான் சொல்றேன். இங்க காட்டுக் காக்கா. நீ எங்க நிக்கற, எந்தப் புதர எட்டிப் பாக்கறன்னு மேல மரத்துல உக்காந்து பாத்துகிட்டே இருக்கும், வாசனையெல்லாம் அதுக்கு ஒரு தடையே இல்ல. காக்கா கத்தற சத்தம் பக்கத்துல கேட்டா அன்னிக்கு கூட்டுப் பக்கமே போகாத, வேற எங்கயோ போற மாதிரி நடந்து போயிடு. அப்புறம் போற வழி. கூடு வரைக்கும் போயி அப்படியே திரும்பி வந்தா புல்லு படுத்து ஒரு தடம் விழுந்துடும், அது நேரா கூட்டுல போய் முடியும், அதனால கூட்டத் தாண்டி நடந்துகிட்டே போ, வேற வழியா வெளிய வா.

இந்த ஈப்பிடிப்பான் காஞ்ச பெரணி இலைய உருட்டி பந்து மாதிரி தாழ்வா வைக்கும், நம்ம இடுப்பு உயரம் கூட இருக்காது. படம் எடுக்கறவங்க மொதல்ல செய்யறது மறைவா இருக்கற இலைய ஒதுக்கறதும் ஒடிக்கறதும்தான். எனக்கு ஆராய்ச்சி பண்ற பசங்கள விட அவங்க மேலதான் கோவம் வரும், ஒருத்தர் லொக்கேஷன் அனுப்பினா பத்து பேர் வந்து நிக்கறாங்க. கூடு இருக்கற எடத்த குரூப்ல போடாத. ஆலாக்கரை வெயில் சொன்னாரு, இங்க குளிர். மிஸ்ட் எறங்கற நேரத்துலயும் மழையிலயும் எறகு மொளைக்காத குஞ்ச விட்டு தாய் எந்திரிச்சா வெறைச்சுப் போயிடும். காலங்காத்தால வேண்டாம், வெயில் நல்லா ஏறினப்புறம் போ.

சோலைநடை:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், வாட்ச்சர் அண்ணா சொன்னது எந்தப் புத்தகத்துலயும் கெடைக்காது. இந்தத் த்ரெட்ட அப்படியே அக்காவுக்கு அனுப்பிட்டேன். மேகமூட்டம், எங்க காலடிய எப்படி தனியா பிரிச்சுக் காட்டறது? ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகலன்னா கணக்கு விட்டுப் போயிடாதா? ஆள் இல்லாம தானா படம் எடுக்கற கேமரா ட்ராப் வச்சா பரவால்லயா?

மேகமூட்டம்:

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேவையே இல்ல. 1961லயே ஹெரால்ட் மேஃபீல்ட்ங்கறவர் ஒரு முறை சொல்லியிருக்கார், கூடு எத்தன நாள் நம்ம பார்வையில இருந்துது, அதுல எத்தன கூடு போச்சுன்னு வச்சு ஒரு நாளைக்கான பிழைப்பு விகிதம் போடறது. அதுல நாலஞ்சு நாள் இடைவெளி இருந்தாலும் கணக்கு வரும், தாமதமா கண்டுபிடிச்ச கூட்டையும் சேர்க்கலாம்.

காலடிய பிரிக்கணும்னா கூடுகள சீட்டு குலுக்கி ரெண்டா பிரிங்க. ஒரு பாதிய தூரத்துல இருந்து பைனாகுலர்ல மட்டும், தாய் எர கொண்டு வருதான்னு பாத்தா போதும். இன்னொரு பாதிய குச்சி நுனியில கண்ணாடி கட்டி எட்டிப் பாருங்க, கை படவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நேரம், வானிலை, பறவை எந்திரிச்சுதா, திரும்ப எத்தன நிமிஷத்துல வந்துதுன்னு எழுதுங்க. ஆனா ஒரு சீசன்ல உங்களுக்கு கெடைக்கறது கொஞ்சம் கூடுதான்னா இந்த ஒப்பீட்டுல வித்தியாசமே தெரியாது, அப்ப எல்லாத்தையும் தூரத்துல இருந்தே பாருங்க, முட்டை எண்ணிக்கை தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க.

கூடு கட்டும்போதும் முட்டை போட்ட ஆரம்பத்துலயும் கிட்ட போகாதீங்க, அப்பதான் பறவை சுலபமா கைவிடும். குஞ்சு பறக்கற வயசு நெருங்கினதும் நிறுத்திடுங்க, பயந்து சீக்கிரமே வெளிய குதிச்சுடும். கேமரா ட்ராப் வைக்கப் போறதே ஒரு நீளமான விசிட், அதனால முட்டை பொரிஞ்சதுக்கு அப்புறம்தான், வைக்கற வேலைய வெளியிலயே பழகிட்டுப் போய் சில நிமிஷத்துல முடிங்க, தாய் ஒரு மணி நேரத்துல திரும்பலன்னா எடுத்துடுங்க. இந்த நிறுத்தற விதிகளயும் வனத்துறைக்கு எழுதற லெட்டர்லயே சேருங்க, கூட ஒரு வாட்ச்சர் வேணும்னும் கேளுங்க.