பால் சோதனைக்கும் சாண்ட்விச் எலைசாவா?

பலமநேர்க்காரன்: தேடும் பொருளை இரண்டு ஆன்டிபாடிக்கு (ஒட்டிப் பிடிக்கும் புரதம்) நடுவில் பிடித்து நிறத்தால் அளக்கிற சாண்ட்விச் எலைசா ஒன்று இருந்தால் எந்த ஆராய்ச்சிக்கும் போதும் என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளடாக்சின் எம்1 என்கிற நஞ்சு இறங்குகிறது. அதன் மூலக்கூறு எடை 328 டால்டன். அந்தப் பொடிசில் இரண்டு ஆன்டிபாடி எங்கே உட்காரும்? பாலில் உள்ள நஞ்சும் கிட்டில் வரும் நஞ்சும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டி போடுகிற காம்படிட்டிவ் கிட்தான் வாங்க வேண்டும்.

காட்பாடி எலி: மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டு நைனா. எலி ரத்தத்தில் இன்டர்லூகின் 6 பார்க்கிறேன். சாண்ட்விச் அளவுக்கு எதுவும் துல்லியம் இல்லை.

பலமநேர்க்காரன்: அது இருபதாயிரம் டால்டனுக்கு மேலுள்ள புரதம். நான் கேட்டது 328.

குடியாத்தம் கீதா: காம்படிட்டிவில் வேறு தலைவலி. பயிற்சிக்கு வந்த பிள்ளை, மஞ்சள் நன்றாக ஏறிய பிளேட் குழியைப் பார்த்து 'நஞ்சு அதிகம்' என்று குறித்துவிட்டது. அதில் நிறம் குறைந்தால்தானே நஞ்சு அதிகம்!

பலமநேர்க்காரன்: சொல்லிக்கொடுத்தவர் யார் மேடம்?

குடியாத்தம் கீதா: உங்களைக் கேட்கவில்லை.

காட்பாடி எலி: சின்ன மூலக்கூறையும் ஒரே ஆன்டிபாடியின் இரண்டு துண்டால் பிடிக்கிற 'ஓப்பன் சாண்ட்விச்' முறை வந்து வருஷக்கணக்காகிறது. கட்டுரை படிக்கும் பழக்கம் உண்டா?

பலமநேர்க்காரன்: கட்டுரையைப் பாலில் கரைத்துக் குடிக்கவா? கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான் நம் நாட்டு வரம்பு. அந்த அளவைப் பிடிக்கிற சாண்ட்விச் கிட் உங்கள் அலமாரியில் இருக்கிறதா? 328 சார், 328! அப்புறம், உங்கள் சாண்ட்விச்சில் சரக்கு எக்கச்சக்கமாக இருந்தால் ஹூக் எஃபெக்ட் வந்து குறைவாகக் காட்டுமே, நீர்த்துப் பார்ப்பதுண்டா?

நகரி பெரியவர்: தம்பிகளா, 1960 வாக்கில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் யாலோவும் பெர்சனும் இன்சுலினைக் கதிரியக்கக் குறி வைத்து ரேடியோ இம்யூனோஅசேயில் அளந்ததே காம்படிட்டிவ் முறையில்தான். யாலோவுக்கு 1977இல் நோபல் கிடைத்தது.

காட்பாடி எலி: பலமநேருக்கா கொடுத்தார்கள்? இன்சுலினுக்கு இன்று சாண்ட்விச் கிட் தாராளமாகக் கிடைக்கிறது ஐயா.

பலமநேர்க்காரன்: இன்சுலின் 5,800 டால்டன். கூட்டல் கழித்தல் தெரியுமா?

காட்பாடி எலி: போன மாசம் உன் பிளேட்டின் நிறத்தை 450 நானோமீட்டர் ஒளியில் படித்துக்கொடுத்தது எங்கள் லேப் ரீடர். அப்போது நான் சார், அண்ணா எல்லாம்.

பலமநேர்க்காரன்: இரண்டு மணி நேரம் வராந்தாவில் காக்கவைத்துத்தானே படித்தீர்கள்? நிறம் ஏறுவதை நிறுத்துகிற ஸ்டாப் சொல்யூஷன் ஊற்றிய பிளேட் அவ்வளவு நேரம் தாங்குமா?

குடியாத்தம் கீதா: எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், சுழற்றி ஆடையை எடுத்தால் போதுமா என்று யாராவது சொல்லுங்களேன்.

காட்பாடி எலி: வராந்தாவில் நாற்காலி போட்டது யார்? அதையும் சொல்லு.