முதல் நாளே 1305 படியா?

கோட்டைநடை: "இதயம் பலப்படணுமா? நாளைக்கே சோளிங்கர் பெரிய மலை 1305 படியையும் நிற்காமல் ஏறுங்க" என்று நேற்று ஒருத்தர் இங்கே அள்ளிவிட்டிருக்கிறார். பத்து வருஷமாக நாற்காலியை விட்டு எழாத 50 வயது ஆளுக்குச் சொல்கிற யோசனையா இது? நான் வேலூர் கோட்டையைச் சுற்றி 10 நிமிஷத்தில் ஆரம்பித்தேன். வாரம் 5 நிமிஷம் கூட்டினேன். நடக்கும்போது பேச வரணும், பாட வரக்கூடாது. அதுதான் அளவு.

மலைக்காற்று: அந்த ஒருத்தர் நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமோ? எங்க அப்பா 70 வயதில் 1305 படியும் ஏறினார்.

கோட்டைநடை: அவர் ஏர் பிடித்தவர். நீங்க தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டர் எடுக்கிறவர். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு. அதில் படிக்கணக்கே கிடையாது.

பாலாறு72: அது 1305 இல்லை. நானே எண்ணினேன், 1298.

மலைக்காற்று: 1305. குரங்கு தேங்காயைப் பிடுங்கினபோது கணக்கை விட்டிருப்பீங்க.

பாலாறு72: பிடுங்கியது என் மூக்குக்கண்ணாடியை. கணக்கை இல்லை. 1298.

கோட்டைநடை: ஐயா, எத்தனை படி என்பதா இப்போ பேச்சு? சர்க்கரை, பிபி இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்க. நடுவில் மார்பு இறுகினாலோ, இடது கை வலித்தாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நின்று உதவிக்கு ஆள் கூப்பிடணும், 108க்கு அடிக்கணும். "இன்னும் நாலு படிதானே" என்று வீம்பு பிடிக்கக் கூடாது. அப்புறம் நம்ம ஊர் மே மாத வெயில். அதில் எட்டு மணிக்கு மேல் நடப்பவனைச் சூரன் என்று நான் சொல்ல மாட்டேன்.

ராணிப்பேட்டையான்: நம்ம ஊரா? சோளிங்கர் 2019இலேயே எங்க மாவட்டத்துக்கு வந்தாச்சு.

கோட்டைநடை: நான் சொன்னது வேலூர் வெயிலை. வட ஆற்காடாக இருந்தபோது எல்லாம் ஒண்ணுதான், போங்க.

மலைக்காற்று: எந்த மாவட்டமானாலும் 1305தான்.

காட்பாடி அக்கா: 2024இல் ரோப் கார் விட்டாச்சு. மூணு பேரும் அதில் ஏறிப் போய் மேலே சண்டை போடுங்களேன்.

கோட்டைநடை: அக்கா, ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காய் வேணுமா என்ற சண்டையிலும் இந்த மலைக்காற்று இப்படித்தான், கடைசி வரை பதிலே சொல்லவில்லை. இப்பவும் கேட்கிறேன், முதல் நாள் ஏறி ஒருத்தர் மயங்கி விழுந்தால் நீங்க தூக்கிட்டு இறங்குவீங்களா?

மலைக்காற்று: கத்தரிக்காய் வேணும். படி 1305.

பாலாறு72: ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு போகிறேன். பத்துப் படிக்கு ஒரு கோடு.

மலைக்காற்று: அதையும் குரங்கு பிடுங்கும்.