நண்பர்களுக்குள் இணையச் சிறுகதைப் போட்டி: விதிமுறை, நடுவர், மதிப்பெண் எப்படி வைப்பது?

மைக்கூடு:

வணக்கம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் பழகுகிறவர்கள் முப்பது பேர். மதுரை, சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ என்று பல ஊர்க்காரர்கள். வரும் தை மாதம் எங்களுக்குள் ஒரு சிறுகதைப் போட்டி நடத்த எண்ணம். ஆயிரம் சொல் வரம்பு, கட்டணம் கிடையாது, பரிசு புத்தகம். 20 முதல் 25 கதைகள் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

முதல் வரியைக் கொடுத்து எழுதச் சொல்லலாமா, தலைப்பு மட்டும் போதுமா? யார் எழுதியது என்று நடுவருக்குத் தெரியாமல் கதைகளை எப்படி வாங்குவது? வெளியிலிருந்து மூன்று நடுவர்களைக் கூப்பிடுவதா, நாங்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டுக்கொள்வதா? முடிந்த பிறகு கதைகளை வலைப்பூவில் போடலாமா? போட்டி முடிந்ததும் மனக்கசப்போடு நாலு பேர் குழுவை விட்டுப் போகக்கூடாது, அதுதான் முக்கியம்.

கரிசல்:

முதல் வரி கொடுக்காதீர்கள். 24 கதையும் ஒரே வரியில் தொடங்கினால் பத்தாவது கதைக்கு வருவதற்குள் நடுவருக்குச் சலித்துவிடும். கதையை யார் சொல்வது, எந்தக் காலத்தில் சொல்வது என்பதையும் அந்த வரியே தீர்மானித்துவிடுகிறது. ‘மழை’, ‘நட்பு’ மாதிரி ஒற்றைச் சொல் கொடுப்பதில் வேறு சிக்கல். எல்லோரிடமும் பெட்டியில் ஒரு மழைக்கதை ஏற்கெனவே இருக்கும், தலைப்பை மாற்றி அனுப்பிவிடுவார்கள். ஒரு நிலைமையும் ஒரு கட்டுப்பாடும் சேர்த்துக் கொடுங்கள். உதாரணமாக, ‘வேறொருவர் வீட்டுச் சாவி ஒருவர் கையில் இருக்கிறது; கதை ஒரே நாளுக்குள் முடிய வேண்டும்; நினைவோட்டமாகப் பழங்கதை சொல்லக்கூடாது.’ சாவி மதுரையிலும் இருக்கும், டொராண்டோவிலும் இருக்கும். ரேஷன் கடை வரிசை என்று கொடுத்தால் வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் திணறுவார்கள். பழங்கதைக்குத் தடை போடுவதற்கும் காரணம் உண்டு. ஆயிரம் சொல்லில் நானூறு சொல் ‘அப்போது அவளுக்கு வயது பதினெட்டு’ என்று பின்னால் போய்விட்டால், முன்னால் நடக்கிற கதைக்கு இடமே இருக்காது. கைபழகாதவர்கள் அதிகம் இடறும் இடம் இது.

கதைகளை வாங்க கூகுள் ஃபார்ம் போதும். ஆனால் கோப்பாகப் பதிவேற்றச் சொல்லாதீர்கள். அப்படிச் செய்தால் அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்ளே வந்தாக வேண்டும், கோப்பின் பெயரோடு அவர் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். கூகுள் டாக்ஸ் இணைப்பை அனுப்பினாலும் உரிமையாளர் பெயர் தெரிந்துவிடும். வேர்டு கோப்பின் பண்புகளிலும் எழுதியவர் பெயர் பதிவாகியிருக்கும். பத்தி வடிவக் கேள்வி ஒன்று வைத்து அதிலேயே கதையை ஒட்டச் சொல்லுங்கள். ஆயிரம் சொல் கதை ஏறக்குறைய ஒன்பதாயிரம் குறியீடுகள் வரும். பதில்கள் போய்ச் சேரும் ஷீட்டில் ஒரு கட்டம் 50,000 வரை தாங்கும். தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் தங்காது என்பதால், காட்சி மாறும் இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போடச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஷீட்டைப் பார்ப்பவர் ஒரே ஒருவர். அவர் போட்டியிலும் கலந்துகொள்ளக்கூடாது, நடுவராகவும் இருக்கக்கூடாது. பெயரை நீக்கி, குலுக்கிப் போட்டு, கதை 01, கதை 02 என்று எண் கொடுத்து அவர்தான் அனுப்புவார். வந்த வரிசையிலேயே எண் கொடுத்தால், ‘நான்தான் முதலில் அனுப்பினேன்’ என்று குழுவில் சொன்னவரின் கதை எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எழுத்துருவையும் கவனியுங்கள். இலங்கை நண்பர்களில் சிலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்களாக இருக்கலாம். அதை ஃபார்மில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ‘ஔ’ இரண்டாகப் பிரிந்து ‘ஒள’ ஆகியிருக்கிறதா, மேற்கோள் குறிகள் சரியாக இருக்கின்றனவா என்று எழுதியவரே ஒருமுறை பார்க்க வேண்டும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ‘கொ’ என்பது ‘ெகா’ என்று கொம்பு இடம் மாறி வரும். அதனால் பிடிஎஃப் வேண்டாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

சொல் எண்ணிக்கை தமிழில் எப்போதுமே சண்டைக்கு இடம் தரும். ‘வந்துகொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று, ‘வந்து கொண்டு இருந்தான்’ என்று பிரித்தால் மூன்று. சில இணைய எண்ணிகள் புள்ளியையும் கொம்பையும் சொல்லின் முடிவாக எடுத்துக்கொண்டு எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும். ஒரே கருவியைப் பெயர் சொல்லி அறிவியுங்கள்: ‘கூகுள் டாக்ஸ் காட்டும் எண்ணே இறுதி, 1100 வரை ஏற்போம், 1101 முதல் இல்லை.’ ஒருமுறை இரக்கப்பட்டு 1140 சொல் கதையைச் சேர்த்துக்கொண்டால், வரம்புக்காகத் தன் கதையில் நல்ல பத்தியை வெட்டியவர் மனம் நோகும். கசப்பு இப்படிப்பட்ட சின்ன விஷயத்தில்தான் தொடங்குகிறது.

கடைசித் தேதியை ‘ஞாயிறு நள்ளிரவு’ என்று எழுதினால் சனி இரவா ஞாயிறு இரவா என்று கேள்வி வரும். ‘ஞாயிறு இரவு 11:59, இந்திய இலங்கை நேரம்’ என்று எழுதுங்கள். தை மாதத்தில் அது டொராண்டோவுக்கு ஞாயிறு பகல் 1:29, சிங்கப்பூருக்குத் திங்கள் அதிகாலை 2:29. இந்த மூன்று நேரத்தையும் அறிவிப்பில் போட்டுவிடுங்கள்.

வடலி:

கரிசல் சொன்னதோடு உடன்படுகிறேன். நடுவர் விடயத்தைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நடுவராகக் கூப்பிடும் ஆட்களுக்கு வேலை எவ்வளவு என்று முதலே சொல்லுங்கோ. 24 கதை, ஒவ்வொன்றும் ஆயிரம் சொல் என்றால் 24,000 சொல். ஆறுதலாக ஒருமுறை வாசிக்க மூன்று மணித்தியாலம் தேவை. முன்னுக்கு நிற்கும் பத்தை இரண்டாம் முறை வாசித்து, ஒவ்வொரு கதைக்கும் ஐந்தாறு வரி எழுதினால் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஒரு கிழமை போதாது, பத்து நாள் குடுங்கோ.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் கேட்டுக் கூட்டுவது நியாயம்போலத் தெரியும், ஆனால் நியாயமில்லை. ஒரு கதைக்கு மூன்று நடுவர்களும் 8, 8, 4 போடுகிறார்கள். மற்றக் கதைக்கு 7, 7, 9. கூட்டினால் முதல் கதைக்கு 20, இரண்டாவதுக்கு 23; இரண்டாவது கதை வெல்கிறது. ஆனால் மூவரில் இருவர் முதல் கதையைத்தான் மேலாக வைத்திருக்கிறார்கள். கை தாராளமாக ஏறி இறங்கும் ஒரு நடுவர் மற்ற இருவரின் தீர்ப்பையும் விழுங்கிவிடுகிறார். ஆகவே மதிப்பெண் கேட்க வேண்டாம், வரிசை கேளுங்கோ. ஒவ்வொரு நடுவரும் தன் முதல் ஐந்து கதைகளை வரிசைப்படுத்த வேண்டும். முதலாவதுக்கு 5, ஐந்தாவதுக்கு 1. சமமாக வந்தால் கூடுதலான நடுவர்களின் பட்டியலில் இருக்கும் கதைக்கு முன்னிடம். அதிலும் சமம் என்றால் கூடுதல் முதலிடம் பெற்றதற்கு. அதற்கும் மேலே சமம் என்றால் பரிசைப் பகிரலாம். இதெல்லாம் போட்டி தொடங்க முன்னமே எழுத்தில் இருக்க வேண்டும். முடிவு தெரிந்த பிறகு விதி எழுதினால் யாருக்காக எழுதினது என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பும் ‘லைக்’ கணக்கும் வேண்டவே வேண்டாம். யார் யாருக்குப் போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் தெரியும். அதோடு 12 தெரிவுகளுக்கு மேல் அங்கே இடமும் இல்லை. லைக் கணக்கில் சொந்தக்காரர் கூட உள்ளவர்தான் வெல்வார்.

இன்னுமொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் குழுவில் யாழ்ப்பாணத்தவர்கள் இருக்கிறார்கள். ‘வாறன்’, ‘கதைக்கிறன்’ என்று உரையாடல் வந்தால் அது எழுத்துப்பிழை இல்லை. நெல்லைப் பேச்சும் கொங்குப் பேச்சும் அப்படியே. வட்டாரப் பேச்சுக்கு மதிப்பெண் குறைக்கக்கூடாது என்று நடுவர்களுக்கு எழுதிக் குடுங்கோ. முடிந்தால் மூவரில் ஒருவரை இலங்கையிலிருந்து எடுங்கோ. விளங்காத சொல்லைச் சந்தித்தால், பெயர் மறைத்து வைத்திருப்பவரிடம் நடுவர் கேட்கலாம், அவர் எழுதியவரிடம் கேட்டுப் பதில் தருவார். ஒற்று விட்டுப்போனதற்காகவும் கதையைத் தள்ள வேண்டாம்; வாசிப்பைத் தடுக்கும் அளவுக்குப் பிழை இருந்தால் மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கோ.

மைக்கூடு:

இருவருக்கும் மிக்க நன்றி. பத்து நாள் ஒதுக்கக்கூடிய மூன்று நடுவர்கள் கிடைப்பது கடினம் என்று தோன்றுகிறது. ஒருவர் கிடைக்கலாம். அப்படியானால் நாங்களே வாசித்துத் தேர்ந்தெடுக்க வழி உண்டா? எல்லோரும் 24 கதையையும் படிக்க மாட்டார்கள்.

நெய்தல்:

உண்டு, நட்புப் போட்டிக்கு அதுதான் பொருத்தம் என்பேன். கதை அனுப்பிய ஒவ்வொருவரும் ஐந்து கதைகளை மட்டும் வாசித்து வரிசைப்படுத்தட்டும். ஐயாயிரம் சொல், ஒரு மணி நேரத்துக்குள் படித்துவிடலாம். யாரும் மறுக்க மாட்டார்கள்.

யாருக்கு எந்த ஐந்து என்பதை இப்படிப் பிரியுங்கள். தன் கதை எண்ணோடு 1, 3, 7, 12, 18 ஆகியவற்றைக் கூட்ட வேண்டும், 24ஐத் தாண்டினால் 24ஐக் கழிக்க வேண்டும். கதை 01 எழுதியவருக்கு 02, 04, 08, 13, 19. கதை 20 எழுதியவருக்கு 21, 23, 03, 08, 14. யாருக்கும் தன் கதை வராது, ஒவ்வொரு கதையும் சரியாக ஐந்து பேரிடம் போகும். ‘அடுத்த ஐந்து’ என்று நேராகப் பிரித்தால் பக்கத்துப் பக்கத்துக் கதைகளே திரும்பத் திரும்ப ஒன்றாக வரும். ஒரு நல்ல கதைக்குப் பக்கத்தில் விழுந்த கதைகள் எல்லா வாசகரிடமும் அதனோடு மோதித் தோற்கும். இடைவெளியை ஒழுங்கில்லாமல் வைப்பது அதைத் தவிர்க்கத்தான். கதைகளின் எண்ணிக்கை வேறாக இருந்தால் 24க்குப் பதிலாக அந்த எண்ணைப் போடுங்கள். 20க்குக் கீழே போனால் இடைவெளிகளையும் சிறிதாக்குங்கள், ஒன்று கதைகளின் எண்ணிக்கைக்குச் சமமாகிவிட்டால் தன் கதையே தனக்கு வந்துவிடும்.

முதலிடத்துக்கு 5, கடைசிக்கு 1. சிலர் வாக்கு அனுப்பாமல் விட்டுவிடுவார்கள், அப்போது சில கதைகளுக்கு நான்கு வாக்குதான் இருக்கும். அதனால் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் சராசரியைப் பாருங்கள். வாக்கு அனுப்பாதவரின் கதை தரவரிசையில் சேராது, ஆனால் அதற்கான கருத்துகள் அவருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். இந்த ஒரு விதி இருந்தால் பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள். கதைகளைச் சரிபார்த்து முடித்த பிறகே பிரித்துக் கொடுங்கள். இடையில் ஒரு கதை விலகினால் முழுக் கணக்கும் குலையும்.

போட்டியாளரே வாக்களித்தால் நல்ல கதையை வேண்டுமென்றே கீழே தள்ள மாட்டாரா என்று கேட்பார்கள். தள்ளலாம்தான். ஆனால் கொடுத்தே ஆக வேண்டியது 5 முதல் 1 வரை என்பதால் ஒருவரால் செய்யக்கூடிய சேதம் நான்கு புள்ளிதான், மற்ற நால்வர் அதைச் சரிக்கட்டிவிடுவார்கள். இருந்தாலும் இந்த வாக்கை வைத்து முதல் மூன்றைத் தீர்மானிக்க வேண்டாம். ஐந்து வாக்கில் நூலிழை வித்தியாசம் நிறைய வரும். மேலே வரும் எட்டுக் கதையை மட்டும் எடுத்து, உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு நடுவரிடம் கொடுங்கள். எட்டாயிரம் சொல் என்றால் அவரும் நிதானமாக இரண்டு முறை படிப்பார்.

வாசிப்பவர் ஒவ்வொரு கதைக்கும் மூன்று பதில் எழுத வேண்டும்: கதையில் என்ன நடந்தது என்று ஓரிரு வரியில், எந்த இடத்தில் தடுக்கி நின்றார், எந்த வரி மனதில் நின்றது. முதல் கேள்விதான் எழுதியவருக்கு மிகவும் பயன்படும். ஐந்து பேரில் மூன்று பேர் நடந்ததைத் தப்பாக எழுதியிருந்தால், தான் சொன்னதாக நினைத்தது காகிதத்தில் இல்லை என்று அவருக்கே புரிந்துவிடும். ‘அருமை’, ‘நெகிழ்ந்தேன்’ என்பவை ஏற்கப்படாது. எழுதியவர் முடிவு வரும்வரை பதில் பேசக்கூடாது. இப்படி ஒவ்வொருவரும் ஐந்து வாசகரின் எழுத்துப்பூர்வமான கருத்தோடு திரும்பினால் பரிசு கிடைக்காதவர்கள் வெறுங்கையோடு போனதாக நினைக்க மாட்டார்கள். மனக்கசப்புக்கு எனக்குத் தெரிந்த மருந்து இதுதான்.

பனிச்சாரல்:

வெளியிடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. வலைப்பூவில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பத்திரிகைகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் போட்டிகள் பலவற்றில் ‘அச்சிலோ இணையத்திலோ வெளிவராதது’ என்று உறுதிமொழி கேட்பார்கள். வலைப்பூவில் வந்துவிட்டால் அந்தக் கதைக்கு அந்தக் கதவு மூடிவிடும். பலருக்கு இது தெரியாது, பிறகு வருந்துவார்கள். மூடிய குழுவுக்குள் சுற்றுக்கு விடுவது பாதுகாப்பு. போட்டிக் காலத்தில் கட்டாயம் அப்படித்தான்.

உரிமை பற்றி ஒரு வரி போதும்: ‘கதையின் உரிமை எழுதியவருக்கே, சம்மதித்தவர்களின் கதைகளை ஒருமுறை தொகுப்பில் சேர்க்கக் குழுவுக்கு அனுமதி.’ ‘வந்த கதைகள் அனைத்தும் குழுவுக்கே சொந்தம்’ என்று எங்கிருந்தோ நகலெடுத்துப் போடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19இன்படி கையொப்பமிட்ட எழுத்து இல்லாமல் உரிமை கைமாறாது. அப்படி எழுதிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும்.

திருட்டுக் கதை இருக்கிறதா என்று பார்க்க, மேலே வந்த எட்டுக் கதைகளின் நடுவிலிருந்து ஆறேழு சொல் தொடர்கள் மூன்றை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். தொடக்க வரியைத்தான் மாற்றியிருப்பார்கள், நடுப்பகுதியை மாற்ற மெனக்கெட மாட்டார்கள். செயற்கை நுண்ணறிவில் எழுதியதா என்று சொல்லும் கருவிகளை நம்பி யாரையும் வெளியேற்றாதீர்கள், மனிதர் எழுதியதையும் அவை இயந்திரம் எழுதியது என்று காட்டும். அனுமதி உண்டா இல்லையா என்று அறிவிப்பிலேயே சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் முதல் வரைவையோ கூகுள் டாக்ஸ் திருத்த வரலாற்றையோ தனியாகக் கேளுங்கள், குழுவில் வைத்துக் கேட்க வேண்டாம்.

பரிசுப் புத்தகத்தை எல்லா ஊருக்கும் தபாலில் அனுப்ப நினைத்தால் அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டும். வென்றவர் தன் ஊர்க் கடையில் வாங்கட்டும், ரசீதைப் பார்த்துக் குழு பணம் கொடுக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு எந்த வழியில் பணம் போகும் என்பதையும் போட்டி தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.