கடைசிப் பக்கத்தில் என் பெயர்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் விஷயத்தில் கருத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்பதில் ஆளாளுக்கு ஓர் அனுபவம் இருக்கும். என்னுடையதை முதலில் சொல்கிறேன். சொந்த ஊர் சேலம் அம்மாப்பேட்டை. பதினோரு வருடமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை.

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். பிராங்க்பர்ட்டிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து ராத்திரி பஸ். வந்து குளித்துவிட்டு நேராக வாக்குச்சாவடிக்குப் போனேன். நான் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. என் முறை வந்ததும் பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

"வோட்டர் ஐடி இல்லைங்களா?"

வெளிநாடுவாழ் வாக்காளருக்கு அந்த அட்டை கிடையாது, அசல் பாஸ்போர்ட்தான் அடையாளம் என்றேன். அவர் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடினார். "கடைசிப் பக்கம் பாருங்க சார்" என்றேன். திருப்பினார். வெளிநாடுவாழ் வாக்காளர்கள் என்று தனித் தலைப்பு, அதன் கீழே ஒரே ஒரு பெயர். ஸ்கேலை வைத்துப் பெயருக்கு அடியில் கோடு போட்டார். பூத் ஏஜென்டுகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். விரலில் மை வைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார். தறி ஓட்டிப் பழகிய கை, விரல் நுனியெல்லாம் காய்ப்பு. "தம்பி, நீங்க ஓட்டப் போட்டுட்டு பிளேன் ஏறிடுவீங்க. ஜெயிக்கறவன் சரியில்லைன்னா அஞ்சு வருஷம் அனுபவிக்கப் போறது நாங்கதானே?" கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் அம்மா இங்கேதான் இருக்கிறார், வீட்டு வரி நான்தான் கட்டுகிறேன் என்றேன். "வரி கட்டறது சரி. உங்க தெருவுல தண்ணி எந்த நாள்ல விடறாங்க, சொல்லுங்க பாப்போம்?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும்.

அந்தக் கேள்விக்காக நான் ஓட்டை விட்டுவிட மாட்டேன். 2010இல் சட்டத்தைத் திருத்தி எங்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தார்கள். படிவம் 6ஏ நிரப்பினால் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயர் சேரும். ஆனால் நேரில் வந்துதான் போட வேண்டும். 2024 தேர்தலில் நாடு முழுக்கப் பதிவுசெய்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் ஏறக்குறைய 1.2 லட்சம் பேர். வந்து போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு, அதிலும் பெரும்பாலானோர் கேரளத்துக்காரர்கள். டிக்கெட் எடுக்க வசதி உள்ளவருக்குத்தான் உரிமை என்று ஆகிவிட்டது. கத்தாரில் கட்டட வேலை செய்பவர் ஒரு ஓட்டுக்காக எப்படி வருவார்?

நமக்குப் பதில் இன்னொருவர் போடலாம் என்ற மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறி, அடுத்த வருடம் அவை கலைந்ததோடு காலாவதியானது. அது காலாவதியானது நல்லது என்றே நினைக்கிறேன். ஒரே வீட்டில் ஒருத்தர் சொன்னபடி எல்லாரும் ஓட்டுப் போடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ராணுவத்தினருக்கு இருப்பது போல, வாக்குச்சீட்டை மின்வழியில் அனுப்பி, தபாலில் திரும்பப் பெறும் முறையை எங்களுக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் சிக்கல் உண்டு. ஜெர்மானியர்களுக்கு வெளிநாட்டிலிருந்து தபால் ஓட்டு இருக்கிறது. 2025 பிப்ரவரி 23 தேர்தலின்போது என்னோடு வேலை செய்யும் ஒருவர் புனேயில் இருந்தார். சீட்டு அவர் கைக்கு வந்தபோது தேர்தல் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனிலிருந்து ஜெர்மனியில் பழைய குடியுரிமையை விடாமலேயே அந்நாட்டுக் குடியுரிமை வாங்கலாம். ஆனால் இந்தியச் சட்டம் இரண்டையும் வைத்துக்கொள்ள விடாது. நான் வாங்கினால் அந்தக் கடைசிப் பக்கத்துப் பெயர் போய்விடும். அதனால் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. வீட்டில் இதற்காகப் பேச்சு நடக்கிறது, நடக்கட்டும்.

அதே பயணத்தில்தான் என் பழைய கைபேசி எண் விஷயமும். ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டேன். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் எண் நின்றுபோகும், பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். சாயங்காலம் கடைவீதியில் தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டுப் பார்த்தால் கையில் சில்லறை இல்லை, யுபிஐயும் இல்லை. 2023 தொடக்கத்தில் சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா என்று பத்து நாட்டு எண்களில் யுபிஐ வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. ஜெர்மனி அதில் இல்லை. கடைக்கார அக்கா "நாளைக்குக் குடுங்க, ஓடியா போகப் போறீங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை சிலிண்டர் வந்தது. போட வந்த தம்பி அதைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு "நம்பர் சொல்லுங்கம்மா" என்றார். சிலிண்டர் கொடுக்கும்போது கேட்பதற்காகக் கைபேசிக்கு அனுப்பும் ரகசிய எண் அது. கேஸ் இணைப்பில் இருந்தது என் பழைய கைபேசி எண். அம்மா என்னைப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் என் எண்ணுக்கே போன் போட்டேன். வாழப்பாடியிலிருந்து ஒரு பெண் எடுத்தார்.

"அண்ணா, நீங்கதானா அது? உங்க பேர் போட்டு மெசேஜ் வந்துட்டே இருக்குதுங்க. பேங்க்ல இருந்து வர்றத நான் தொடறதே இல்லைங்க. இப்பக்கூட சிலிண்டர் நம்பர் ஒண்ணு வந்துச்சு. யாரோ சிலிண்டர் கிடைக்காம நிக்கறாங்களேன்னு நெனச்சுட்டே இருந்தேன்."

நான்கு இலக்கங்களையும் நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை படித்தார். அவர் நல்லவராக இருந்ததால் என் கணக்கில் பணம் மிஞ்சியது. ஒருவருடைய வங்கி, வீடு, அடுப்பு எல்லாவற்றையும் ஓர் எண்ணில் கட்டிவைத்து, அந்த எண்ணை அப்படியே தூக்கி இன்னொருவரிடம் கொடுப்பது பெரிய தவறு. நின்றுபோன எண்களின் பட்டியலைப் பார்த்து வங்கிகள் தங்கள் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அது கேஸ் இணைப்பு வரை வர வேண்டும். விடுமுறையில் மீதி நாட்கள் முழுக்க நான் வரிசையில் நின்று எண் மாற்றினேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

செவ்வாய்ப்பேட்டை, மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்

என் கடைக்கு வாரத்தில் நாலு பேராவது வருவார்கள். பையன் துபாயிலிருந்து அனுப்பிய விலை உயர்ந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு "ஓடிபி எங்க வருதுன்னு பாத்துக் குடு சாமி" என்பார்கள். முன்பின் தெரியாதவரிடம் ஓடிபி சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் படித்துக் காட்டுகிறேன். எனக்கே அது உறுத்துகிறது.

போன வருடம் மஸ்கட்டில் இருக்கும் ஒருவர் அப்பாவின் போனுக்கு பேட்டரி மாற்ற வந்தார். கூலியைக் கேட்டதும் பேட்டரிக்கு இவ்வளவா என்று சத்தம் போட்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். பழைய போனில் பின்மூடியை நகத்தால் நெம்பி பேட்டரியை மாற்றிவிடலாம். இப்போது சூட்டுத் தட்டில் வைத்து, பசை இளகக் காத்திருந்து, மெல்லிய தகட்டை விட்டு ஓரம் ஓரமாக எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடி போச்சு, கை தவறினால் காம்போவும், அதாவது தொடுதிரையும் டிஸ்பிளேயும் சேர்ந்த பாகமும் போச்சு. முக்கால் மணி நேரம் பக்கத்திலிருந்து பார்த்தார். முடிந்ததும் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, "இப்படிச் செஞ்சு வித்தவங்ககிட்டதான் நான் சண்டை போட்டிருக்கணும்" என்றார்.

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து வாங்கியவரே பேட்டரியைக் கழற்றும்படி போன் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் சில விலக்குகளும் உண்டு. இங்கே பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022இல் ஒன்றிய அரசு ஓர் இணையதளம் திறந்தது. எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு அசல் உதிரிபாகம் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். அதுதான் எங்கள் தேவை. வெளிநாட்டில் இருக்கும் நீங்கள் அங்கே நடப்பதைச் சொல்லுங்கள், எங்களுக்குத் தெம்பாக இருக்கும்.

*

ஏற்காட்டுக்கு டாக்ஸி ஓட்டுபவர்

ஸ்வீடனில் இருக்கும் ஒரு குடும்பத்தை அடிவாரத்திலிருந்து ஏற்றிப் போனேன். அந்த சார் முதல் வளைவிலிருந்தே ஆரம்பித்துவிட்டார். குப்பை, ஹாரன், குரங்குக்குத் தீனி போடுபவர்கள், எதையும் விடவில்லை. இதை எல்லா சீசனிலும் கேட்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் ஒரு குறை. எனக்கு இந்த மலைதான் சோறு போடுகிறது, கேட்கக் கஷ்டமாக இருக்கும். சொல்வதெல்லாம் உண்மை என்பதால் இன்னும் கஷ்டம்.

பதினாலாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். படம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கித் தடுப்புச்சுவர் ஓரம் கிடந்த தண்ணீர்ப் பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தார். டிக்கியில் இரண்டு கோணிப்பை இருந்தது, நானும் இறங்கினேன். அவர் பெண்ணும் வந்தது. அரை மணி நேரத்தில் இரண்டு பையும் நிறைந்தன. 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்கும் கப்புக்கும் தடை இருக்கிறது, தண்ணீர்ப் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. காலி மதுப்பாட்டிலுக்குப் பத்து ரூபாய் திருப்பித் தரும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியதே, அதைத் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் கொண்டுவர வேண்டும் என்று பேசிக்கொண்டே பொறுக்கினோம். சாயங்காலம் பழைய இரும்புக் கடையில் போட்டதில் வந்த காசுக்கு டீயும் பஜ்ஜியும் ஆயிற்று.

அப்புறம் அரசியல் பேசினார். உங்கள் எம்.பி.யிடம் சொல்ல வேண்டியதுதானே என்றார். சார், ராத்திரியில் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் சேலம் விளக்கெல்லாம் காலடியில் தெரியும், ஆனால் நாடாளுமன்றத்துக்கு எங்கள் ஏற்காடு கள்ளக்குறிச்சித் தொகுதியில் சேர்ந்தது என்றேன். அவருக்கு அது புதுச் செய்தி. வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

*

முதலில் எழுதியவர்

டிரைவர் அண்ணா, ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணம் பிடித்துக்கொள்வார்கள், கடையில் இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும். தெரு சுத்தமாக இருக்கிறது, அது நிஜம். கூடவே, ஓய்வூதியம் போதாத வயதானவர்கள் ரயில் நிலையக் குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டுப் பாட்டில் தேடுவதையும் நான் தினம் பார்க்கிறேன். ஏற்காட்டில் கொண்டுவந்தால் யார் கை அந்தத் தொட்டிக்குள் போகும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். பொறுக்குபவர்களுக்குக் கையுறையும் கூலியும் கொடுத்து உள்ளாட்சியே எடுத்து நடத்தினால் என் ஆதரவு உண்டு.

வாழப்பாடித் தங்கையிடம் என் புது எண்ணைக் கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார்.

பெரியவர் கேட்டதிலிருந்து ஞாயிறுதோறும் அம்மாவிடம் தண்ணீர்க் கணக்குக் கேட்டு எழுதி வைக்கிறேன். இந்த வாரம் வியாழக்கிழமை விடிகாலை நாலரைக்கு விட்டிருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் வந்ததாம். தொட்டி நிரம்பவில்லை, எட்டுக் குடம் தனியாகப் பிடித்து வைத்திருக்கிறார்.